நஞ்சில்லா மண்ணும் தவிடு நீங்கிய அரிசியும்: நிக்கோபார் உணர்த்தும் உண்மை

வங்கக் கடலில் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காடு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 3,80,581. இத்தீவுகளில் கார் நிக்கோபார், நன்கௌரித் தொகுதி ஆகியவற்றைச் சேர்ந்த 14,491 ஹெக்டேர் நிலத்துக்கு 2021ஆம் ஆண்டில் மத்திய அரசு இயற்கை வேளாண்மைச் சான்று வழங்கியது. பெரும்பரப்புச் சான்றளிப்பு என்னும் திட்டத்தின் கீழ் இச்சான்றைப் பெற்ற முதல் பெருநிலப்பரப்பு இதுவேயாகும்.

இச்செய்தி மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சான்று பெற்ற அந்நிலத்தின் தலையாய விளைபொருள் தேங்காய். அங்கே நெல் விளைவதில்லை. ஆனால் அங்கு வாழும் மக்களின் அன்றாட உணவில் அரிசி முதலிடம் பெற்றுவிட்டது. அந்த அரிசி நிலப்பகுதியின் ஆலைகளில் தீட்டப்பட்டு, தவிடு நீக்கப்பட்டு, கப்பலேறி வருகிறது. மண்ணில் நஞ்சில்லை, ஆனால் தட்டில் இருக்கும் உணவோ அம்மண்ணில் விளைந்ததன்று. நலமான உணவைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்னும் பொருளை ஆராய விரும்புவோருக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இரு வேறு வினாக்கள்

இயற்கை உணவு, முழுத்தானிய உணவு என்னும் இரண்டு சொற்களும் பெரும்பாலும் ஒன்றாகவே வழங்கப்படுகின்றன. உண்மையில் அவை இரு வேறு வினாக்களுக்கான விடைகள். ஓர் உணவுப்பொருள் எவ்வாறு விளைவிக்கப்பட்டது என்பது முதல் வினா. செயற்கை உரமும் பூச்சிக்கொல்லியும் இன்றி விளைந்தது என்றால் அது இயற்கை உணவு. விளைந்த பின் அதற்கு என்ன செய்யப்பட்டது என்பது இரண்டாவது வினா. தவிடும் முளையும் நீக்கப்படாமல் இருந்தால் அது முழுத்தானியம்.

ஒன்றுக்கு 'ஆம்' என்று விடை கிடைத்தால் மற்றதற்கும் 'ஆம்' என்று கொள்ளுதல் தவறு. இயற்கை முறையில் விளைந்த நெல்லையும் வெண்முத்துப் போல் தீட்டிவிடலாம். இயற்கைக் கோதுமையையும் மைதாவாக்கலாம். மறுபுறம், வேதியுரம் இட்டு விளைந்த கேழ்வரகு முழுத்தானியமாகவே அரைக்கப்படுகிறது. கடையில் பொருள் வாங்குவோரும், விடுதிகளுக்கும் பள்ளிகளுக்கும் கொள்முதல் செய்யும் அலுவலர்களும் இவ்வேறுபாட்டை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

சான்றளிக்கும் முறை

இந்தியாவில் இயற்கை விளைபொருளுக்குச் சான்றளிக்க இரண்டு முறைகள் உள்ளன. ஏற்றுமதியை முதன்மை நோக்கமாகக் கொண்ட தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம் 2001 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதில் அரசின் ஏற்பைப் பெற்ற சான்றளிப்பு அமைப்பு ஒன்று பண்ணையைச் சோதித்துச் சான்றளிக்கிறது. சிறு உழவர்களை நோக்கமாகக் கொண்டது பங்கேற்பு உறுதி முறை. இதில் உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் பார்வையிட்டு உறுதியளிக்கின்றனர். செலவு குறைவு, பொறுப்பு கூட்டானது.

வேதியுரம் இட்டுப் பழகிய நிலம் இயற்கை வேளாண்மைக்கு மாற இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். எந்தக் காலத்திலும் வேதிப்பொருள் தொடாத மலைப்பகுதிகளையும் பழங்குடியினர் வாழும் பகுதிகளையும் தீவுகளையும் இவ்வாறு காக்க வைப்பதில் பொருளில்லை. எனவே அத்தகைய நிலப்பரப்புகளை ஒட்டுமொத்தமாக ஆராய்ந்து, காத்திருப்புக் காலமின்றிச் சான்றளிக்கும் பெரும்பரப்பு முறை வகுக்கப்பட்டது. நிக்கோபாரில் தீவு வாரியாகவும் உழவர் வாரியாகவும் நில விவரங்கள் தொகுக்கப்பட்டன. வல்லுநர் குழு ஒன்று அவற்றைச் சரிபார்த்தது. வேதியுரம், பூச்சிக்கொல்லி, மரபணு மாற்றிய விதை ஆகியவற்றை அத்தீவுகளில் விற்பதற்கும் பயன்படுத்துவதற்கும் ஒன்றியப் பகுதி நிர்வாகம் கட்டுப்பாடு விதித்திருந்தது. இவற்றின் பயனாகவே சான்று கிடைத்தது. ஒவ்வொரு கிராமமும் ஒரு குழுவாகக் கருதப்பட்டு, ஆண்டுதோறும் சரிபார்ப்பு நடைபெற வேண்டும் என்பது இம்முறையின் விதி.

இயற்கை உணவால் விளையும் பயன்

இயற்கை உணவின் பயன் எது என்பதில் மிகைக் கூற்றுகளும் உண்டு. முற்றாக மறுப்போரும் உண்டு. 2012இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். ஊட்டச்சத்தில் இரு வகை உணவுகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருப்பதற்குப் போதிய சான்று இல்லை என்றும், இயற்கை உணவில் பூச்சிக்கொல்லி எச்சம் காணப்படும் வாய்ப்புக் குறைவு என்றும் அவர்கள் கண்டனர். 2014இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் தலைமையில் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு, இயற்கை முறையில் விளைந்த பயிர்களில் உயிர்வளியேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள் மிகுதி என்றும், காட்மியம் என்னும் நச்சு உலோகம் குறைவு என்றும் கூறியது.

இவற்றிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். பூச்சிக்கொல்லி எச்சம் குறைவு என்பதில் இரண்டு ஆய்வுகளும் ஒத்துப் போகின்றன. புரதம், நார்ப்பொருள், வைட்டமின் ஆகியவற்றை இயற்கை வேளாண்மை மட்டுமே பெருக்கித் தந்துவிடும் என்று எதிர்பார்த்தல் கூடாது. அவை தானியத்தின் எப்பகுதியில் இருக்கின்றன, அப்பகுதி உண்பவரைச் சென்றடைகிறதா என்பதே அங்கு எழும் கேள்வி.

தவிட்டில் அடங்கிய செல்வம்

நெல்மணியின் மேலுறை உமி. அதனை நீக்கினால் கிடைப்பது தீட்டாத அரிசி. இதன்மேல் மெல்லிய பழுப்பு அல்லது சிவப்புப் படலமாகத் தவிடு படிந்துள்ளது. ஒரு முனையில் முளைக்கரு உள்ளது. உள்ளே இருப்பது பெரும்பாலும் மாவுப்பொருள். 100 கிலோ நெல்லை ஆலையில் அரைத்தால் ஏறத்தாழ 20 கிலோ உமியாகவும், 8 முதல் 10 கிலோ வரை தவிடாகவும் கழியும். எடையில் சிறிதாகிய அத்தவிட்டில்தான் பி வகை வைட்டமின்கள், தாது உப்புகள், நார்ப்பொருள், எண்ணெய் ஆகியவை செறிந்துள்ளன.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுப் பகுப்பாய்வு அட்டவணை இதனை எண்களில் காட்டுகிறது. 100 கிராம் தீட்டாத அரிசியில் 0.27 மில்லிகிராம் தயமின் (வைட்டமின் பி-1) உள்ளது. தீட்டிய பச்சரிசியில் அது 0.05 மில்லிகிராம், அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நார்ப்பொருள் 4.43 கிராமிலிருந்து 2.81 கிராமாகவும், புரதம் 9.16 கிராமிலிருந்து 7.94 கிராமாகவும் குறைகின்றன. புழுங்கல் அரிசி இடைநிலையில் நிற்கிறது: தயமின் 0.17 மில்லிகிராம், நார்ப்பொருள் 3.74 கிராம்.

இக்குறைவு எத்தகைய விளைவைத் தரும் என்பதை நிக்கோபாருக்கு அருகிலேயே வரலாறு பதிவு செய்துள்ளது. பெரிய நிக்கோபாரின் தென்முனையிலிருந்து சுமத்ரா ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதனை அடுத்த ஜாவாவில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், கால்கள் செயலிழந்து இதயம் தளர்ந்து மனிதர்கள் மடியும் பெரிபெரி நோய் பரவியிருந்தது. டச்சு மருத்துவர் கிறிஸ்தியான் எய்க்மான் தீட்டிய அரிசி உண்ட கோழிகளுக்கு அதையொத்த நோய் காண்பதையும், தவிட்டுடன் கூடிய அரிசியை உண்டால் அவை குணமடைவதையும் கண்டார். அவர் வேண்டுகோளின்படி அடோல்ப் வோர்டர்மான் என்னும் அலுவலர் ஜாவாவின் 101 சிறைகளில் விவரங்களைத் திரட்டினார். தீட்டிய அரிசி வழங்கிய சிறைகளில் 39 கைதிகளுக்கு ஒருவர் வீதம் பெரிபெரி கண்டிருந்தது. தவிடு நீக்காத அரிசி வழங்கிய சிறைகளிலோ 10,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில்கூட நோய் இல்லை. இவ்வாராய்ச்சியின் பயனாக எய்க்மான் 1929இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். வைட்டமின் என்னும் கருத்தே இதிலிருந்து கிளைத்தது.

புழுங்கல் அரிசியின் சிறப்பு

மலேயாவில் இதே காலத்தில் மற்றோர் உண்மை வெளிப்பட்டது. அங்கே வெள்ளீயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளரிடையே பெரிபெரி மிகுதியாக இருந்தது. தோட்டங்களில் உழைத்த தமிழரிடையே அது அரிதாக இருந்தது. இரு சாராரும் வறியவர்கள். இரு சாராரும் அரிசியையே உண்டவர்கள். லியோனார்ட் பிராடன் என்னும் ஆங்கில மருத்துவர் 1907இல் வெளியிட்ட நூலில் இதன் காரணத்தைச் சுட்டினார். சீனர் உண்டது சயாம் நாட்டிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி.

நெல்லை ஊறவைத்து ஆவியில் வேகவைக்கும்போது தவிட்டிலுள்ள நீரில் கரையும் வைட்டமின்கள் மணியின் உள்ளே ஊடுருவுகின்றன. பின்னர்த் தீட்டினாலும் அவற்றின் ஒரு பகுதி அரிசியிலேயே தங்கிவிடுகிறது. மணி இறுகுவதால் குருணையும் குறைகிறது. தமிழ்நாட்டுக் களங்களில் தலைமுறை தலைமுறையாக நெல் அவித்தவர்கள் வைட்டமின் என்னும் சொல்லை அறிந்திருக்கவில்லை. எனினும் அவர்கள் கைக்கொண்ட முறை கடல் கடந்த இடத்திலும் உயிர் காத்தது.

தீவுகளுக்கு இச்செய்தி சிறப்பாகப் பொருந்தும். தீட்டாத அரிசியின் தவிட்டில் எண்ணெய் உள்ளது. உமி நீங்கிய உடனே ஒரு நொதிப்பொருள் அவ்வெண்ணெயைச் சிதைக்கத் தொடங்குகிறது; சில திங்களில் சிக்குவாடை எழுகிறது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) கடல்வழித் தொலைவு ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். அங்கிருந்து நிக்கோபார்த் தீவுகளுக்கு மீண்டும் கப்பலேற வேண்டும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பொழியும் ஈரம் மிகுந்த தட்பவெப்பத்தில், கிடங்கில் தீட்டாத அரிசியைக் காப்பது கடினம். நீண்ட நாள் கெடாதது என்பதாலேயே தீட்டிய அரிசி தீவுகளுக்கு ஏற்றதாகக் கருதப்பட்டது. புழுங்கல் அரிசி இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியாகும். பச்சரிசியைப் போலவே அதுவும் கிடங்கில் தங்கும். பச்சரிசியைவிட ஊட்டமும் தரும்.

நிக்கோபாரியரின் பண்டை உணவு

நிக்கோபாரியர் தொன்றுதொட்டு உழவு நெல்லை அறியாதவர்கள். தாழை இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பெருங்கனி அவர்களது மாவுணவாக இருந்தது. பலாப்பழம் போன்ற தோற்றமுடைய இக்கனியை நெடுநேரம் அவித்து, சதையைச் சுரண்டி, நார்களைக் களைந்து, மாவுக்கட்டி போல் திரட்டி வைப்பார்கள். அவிப்பதற்கான மட்பானைகள் சௌரா என்னும் சிறு தீவில் வனையப்பட்டுப் பிற தீவுகளுக்குச் சென்றன. இதனுடன் வள்ளிக்கிழங்கு வகைகள், சேம்பு, வாழை, தேங்காய், மீன், பன்றி இறைச்சி ஆகியவை சேர்ந்தன. தவிடு நீக்குதல் என்னும் செயலுக்கே இவ்வுணவில் இடமில்லை. தானியமே இல்லாத உணவாயினும் பொருளளவில் இது முழு உணவு.

அரிசி வெளியிலிருந்து வந்தது. பல நூற்றாண்டுகளாகக் கப்பல்களில் வந்த வணிகர்கள் தேங்காய்க்கு மாற்றாக அரிசி, துணி, இரும்புப் பொருள்களைக் கொடுத்தனர். அக்காலத்தில் அரிசி துணை உணவு. சுதந்திரத்துக்குப் பின் பொது விநியோக முறை தீவுகளை எட்டியது. குடியேற்றங்களும் நிகழ்ந்தன. 1964ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் கச்சல் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. பெரிய நிக்கோபாரில் 1969 முதல் முன்னாள் படைவீரர்கள் குடியேறினர். இவர்களுக்கு அரிசியும் கோதுமையும் பழகிய உணவு.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது நிக்கோபார்த் தீவுகளின் கடலோரத் தென்னந்தோப்புகளும் தோட்டங்களும் பேரளவில் அழிந்தன. நிலமே தாழ்ந்ததால் பல இடங்களைக் கடல் நிரந்தரமாகக் கைப்பற்றிக் கொண்டது. உயிர் பிழைத்தோருக்கு நிவாரணமாக அரிசியும் பருப்பும் வழங்கப்பட்டன. அவ்வுதவி இன்றியமையாதது, அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் தென்னங்கன்று காய்ப்பதற்குச் சில ஆண்டுகள் வேண்டும். தோட்டம் இழந்தவன் மீண்டும் தோட்டம் அமைக்க நிலமும் வேண்டும். அந்த இடைவெளியில் அரிசி துணை உணவு என்னும் நிலையிலிருந்து முதன்மை உணவு என்னும் நிலைக்கு உயர்ந்தது.

இம்மாற்றத்தின் விளைவுகளைக் கவலையுடன் நோக்க வேண்டியுள்ளது. கார் நிக்கோபாரில் நடத்தப்பெற்று 2011இல் வெளியான ஆய்வொன்றில், நிக்கோபாரியப் பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்தது. இதற்கு அரிசி ஒன்றே காரணம் என்று கூறிவிட முடியாது. உப்பு, புகையிலை, மது, உடல் உழைப்புக் குறைவு, உடற்பருமன் ஆகியவையும் இந்நோயுடன் தொடர்புடையவை. ஆனால் தொற்றாத நோய்கள் இத்தீவுகளை எட்டிவிட்டன என்பதில் ஐயமில்லை.

பசிபிக் தீவுகள் தரும் எச்சரிக்கை

இதே பாதையில் முன்னரே சென்ற தீவுகள் உண்டு. பசிபிக் கடலில் உள்ள நவ்ரு, பாஸ்பேட் ஏற்றுமதியால் செல்வம் பெற்றது. தாழை, தேங்காய், மீன் ஆகியவற்றின் இடத்தை இறக்குமதியான வெள்ளரிசியும் மாவும் சர்க்கரையும் தகர டப்பா இறைச்சியும் பிடித்தன. 1970களின் நடுப்பகுதியில் நடத்தப்பட்ட கணக்கெடுப்பில் அங்கே வயது வந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது.

மைக்ரோனேசியாவின் போன்பெய்த் தீவு மற்றொரு பாடத்தைத் தருகிறது. அங்கே குழந்தைகளிடையே வைட்டமின் ஏ குறைபாடு பரவலாகக் காணப்பட்டது. லோயிஸ் எங்கல்பெர்கர் என்னும் ஊட்டச்சத்து அறிஞர் உள்ளூர் உணவுகளைச் சோதித்தபோது, 'கராட்' என்னும் உள்ளூர் வாழைப்பழத்தின் மஞ்சள் நிறச் சதையில் கரோட்டீன் மிகுந்திருப்பது கண்டறியப்பட்டது. கைவிடப்பட்டு வந்த அப்பழத்தையும் தாழைக்கனி, ஈரப்பலா, சேம்பு ஆகியவற்றையும் மீண்டும் உணவில் சேர்க்க 2004 முதல் அங்கு ஓர் இயக்கம் நடத்தப்பட்டது. நிக்கோபாரின் தாழையும் அதே இனத்தைச் சேர்ந்த உறவுக்கனி என்பது கருதத்தக்கது. தீர்வு சில நேரங்களில் கப்பலில் வருவதில்லை. வீட்டின் பின்புறத்திலேயே இருக்கிறது.

அந்தமானில் விளையும் நெல்

நிக்கோபாரில் இல்லாத நெல் அந்தமானில் உண்டு. வடக்கு அந்தமான், நடு அந்தமான் பகுதிகளின் பள்ளத்தாக்குகளில் குடியேறிய உழவர்கள் மழையை நம்பி ஒரு போகம் நெல் விளைவிக்கின்றனர். 'சி 14-8' என்னும் உயரமான நீண்டகால இரகம் அவர்களிடையே நெடுநாள் செல்வாக்குப் பெற்றது. 1925ஆம் ஆண்டு முதல் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர் வட்டாரத்தில் குடியேறிய கரேன் இனத்தவர் தம்முடன் கொண்டு வந்த மரபு நெல் வகைகளைக் காத்து வந்துள்ளனர். மணம் மிகுந்த 'குஷ்புயா', கருநிறத் தவிடுடைய 'பிளாக் பர்மா' ஆகியவை அவற்றுள் அடங்கும். கருநெல்லின் நிறம் முழுவதும் தவிட்டிலேயே இருப்பதால், அதனைத் தீட்டினால் சிறப்பே போய்விடும்.

1978இல் போர்ட் பிளேரில் நிறுவப்பட்டு, இன்று மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் என வழங்கும் அமைப்பு, இம்மரபு நெல் வகைகளைத் திரட்டி ஆராய்வதுடன், கடல்நீர் புகுந்த நிலத்துக்கு ஏற்ற உவர் தாங்கும் இரகங்களையும் உருவாக்கியுள்ளது. ஆழிப்பேரலையின்போது தெற்கு அந்தமானில் நிலம் தாழ்ந்து, சிப்பிகாட் போன்ற இடங்களில் நெல்வயல்கள் உப்புநீரில் மூழ்கின என்பதால் இப்பணி இன்றியமையாததாகிறது.

தவிட்டுக்குத் தூய வேளாண்மை

இரு வேறு வினாக்கள் என முதலில் பிரித்துக் கூறப்பட்டவை ஓரிடத்தில் சந்திக்கின்றன. அவ்விடம் தவிடு. பயிரின்மீது தெளிக்கப்படும் பூச்சிக்கொல்லியின் எச்சம் தானியத்தின் வெளிப்படலங்களிலேயே மிகுதியாகத் தங்குகிறது. அரிசியைத் தீட்டும்போது சத்துடன் எச்சத்தின் பெரும்பகுதியும் கழிந்துவிடுகிறது. எனவே தவிட்டுடன் அரிசியை உண்ண விரும்புவோருக்கு அந்நெல் எவ்வாறு விளைந்தது என்பதும் முக்கியமாகிறது. முழுத்தானியமும் இயற்கை வேளாண்மையும் ஒன்றையொன்று வேண்டுவது இதனாலேயே. மருந்து தெளித்த பயிராயினும் எச்சம் உரிய வரம்புக்குள் இருக்குமானால், முழுத்தானியத்தால் விளையும் நன்மையே மிகுதி என்பதையும் மறத்தல் கூடாது. இயற்கை உணவு வாங்க வசதியில்லாதவர் முழுத்தானியத்தையும் கைவிட வேண்டியதில்லை.

தவிட்டில் பைட்டேட் என்னும் பொருளும் உள்ளது. அது இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றை உடல் ஏற்பதைத் தடை செய்யும். ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகியவற்றால் அது குறையும். இட்லி மாவைப் புளிக்க வைப்பதும், கேழ்வரகை முளைகட்டி அரைப்பதும், கூழைப் புளிக்க வைத்து உண்பதும் இவ்வகையில் அறிவுக்கு உகந்த வழக்கங்களாகும்.

செய்யத்தக்கவை

தீவுகளின் நிலைமைக்கு ஒரே தீர்வு பொருந்தாது. இடத்திற்கு ஏற்ப மூன்று வழிகளை மேற்கொள்ளலாம்.

முதலாவது, நிக்கோபாரில் கிழங்கு, தாழை, வாழை, ஈரப்பலா ஆகியவற்றை மீண்டும் தட்டின் நடுவிடத்துக்குக் கொண்டு வருதல். பள்ளிகளிலும் விடுதிகளிலும் அங்கன்வாடிகளிலும் வாரத்தில் சில நாள்களேனும் உள்ளூர்க் கிழங்கையும் கனியையும் கொள்முதல் செய்து வழங்கினால், சான்று பெற்ற நிலத்துக்கு உள்ளூரிலேயே சந்தை கிடைக்கும். கொப்பரையின் விலை வெளிச்சந்தையில் சரியும்போது அக்குடும்பங்களுக்கு அது காப்பாகவும் அமையும்.

இரண்டாவது, அந்தமானில் விளையும் நெல்லை உள்ளூரிலேயே, தேவைக்கேற்பச் சிறு அளவில், உமி மட்டும் நீக்கி வழங்குதல். இரப்பர் உருளை பொருத்திய சிறு எந்திரங்கள் தவிட்டைச் சிதைக்காமல் உமியை நீக்கும். உமியுடன் இருக்கும் வரை நெல் கெடாது. உமி நீக்கிய அரிசியைச் சில வாரங்களுக்குள் விற்றுவிட்டால் சிக்குவாடைக்கு இடமில்லை. நிலப்பகுதியிலிருந்து நெல்லாகவே கொண்டு வருவது எளிதன்று. 100 கிலோவுக்கு 20 கிலோ உமிக்கும் கப்பல் கூலி கொடுக்க நேரிடும். ஆதலால் இம்முறைக்கு உள்ளூர் நெல்லே ஏற்றது.

மூன்றாவது, நிலப்பகுதியிலிருந்து வரவேண்டிய தானியத்தில் தேர்வு செய்தல். பச்சரிசி வரும் இடங்களில் புழுங்கல் அரிசியைக் கேட்டுப் பெறலாம். மைதாவைக் குறைத்து முழுக்கோதுமை மாவைப் பெருக்கலாம். ஒரு பகுதி அரிசிக்கு மாற்றாகச் சிறுதானியம் வழங்கலாம். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், முன்னுரிமைக் குடும்பங்களில் ஒருவருக்குத் திங்களுக்கு 5 கிலோ தானியம் என வகுத்தபோதே அரிசி, கோதுமையுடன் சிறுதானியங்களையும் சேர்த்துக் கொண்டது. ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கடைப்பிடித்த 2023இல், தமிழ்நாட்டில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் 2 கிலோ அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் முன்னோடித் திட்டம் தொடங்கப்பட்டது. 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியமும் 11 கிராம் நார்ப்பொருளும் உள்ளன. உமி ஒட்டாத சிறுமணியாதலால் அது முழுத்தானியமாகவே உண்ணப்படுகிறது. முழுமணியாக நெடுநாள் கெடாமல் இருப்பதால் கப்பல் பயணத்துக்கும் ஏற்றது.

பொது விநியோகத்தில் வழங்கும் அரிசியுடன் இரும்பு, போலிக் அமிலம், வைட்டமின் பி-12 ஆகியவற்றைச் சேர்க்கும் திட்டம் 2021இல் அறிவிக்கப்பட்டு, 2024 மார்ச்சுக்குள் நாடெங்கும் விரிவுபடுத்தப்பட்டது. இரத்தச் சோகையைக் குறைப்பதே அதன் நோக்கம். ஆனால் செறிவூட்டுதல் தவிடு நீங்கியதால் இழந்த நார்ப்பொருளை ஈடு செய்யாது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

வாங்குவோர் கவனத்துக்கு

இயற்கை உணவு என்னும் பெயரில் விற்கும் பொருளில் 'ஜைவிக் பாரத்' முத்திரையும், மேற்கூறிய இரண்டு சான்றளிப்பு முறைகளுள் ஒன்றின் அடையாளமும் உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். இது 2017ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளின் பயன். முழுத்தானியம் என்று அறிய நிறத்தை நம்புதல் கூடாது. சர்க்கரையைக் கருக்கிச் சேர்த்தாலும் ரொட்டி பழுப்பாகும். பொட்டலத்தின் பின்புறமுள்ள சேர்மானப் பட்டியலில் முதலாவதாக இருப்பது முழுக்கோதுமையா, மைதாவா என்பதே சான்று. சேர்மானங்கள் எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது என்ற வரிசையிலேயே அச்சிடப்பட வேண்டும் என்பது விதி.

தானியத்தின் வகையோடு அளவும் முக்கியம். 2024இல் வெளியான இந்திய உணவு நெறிமுறைகள், நாள் ஒன்றுக்குத் தேவையான ஆற்றலில் தானியங்களின் பங்கு 45 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும், காய்கறிகளும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம் வேண்டும் என்றும் கூறுகின்றன. தட்டு நிறையச் சோறும் ஓரத்தில் ஒரு கரண்டிக் குழம்புமாக உண்ணும் பழக்கம், கைக்குத்தல் அரிசியானாலும் முழு நலம் தராது.

நிக்கோபார் நிலம் பெற்ற சான்று ஒரு பெருமை. ஆனால் அது மண்ணைப் பற்றிய சான்றே. மக்களின் உணவைப் பற்றிய சான்றாக அதனை மாற்றுவது உணவு வழங்கல், வேளாண்மை, கல்வி, சுகாதாரம் ஆகிய துறைகள் கைகோத்துச் செய்ய வேண்டிய பணி. தேங்காயும் தாழையும் விளையும் நிலத்தின் குழந்தை, அவற்றின் சுவையை அறிந்து வளர வேண்டும். கப்பலில் வரும் அரிசி அக்குழந்தைக்குத் துணையாக இருக்கட்டும்.